முதிய படைவீரரும் சங்கத்தின் கடமையும்

நெசவாளர் சங்கங்களிலும் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களிலும் முன்னாள் படைவீரர்கள் அங்கத்தினர்களாக இருப்பது புதிய செய்தியன்று. 1758இல் தோன்றிய மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் நமது நீலகிரி வெலிங்டனில் இன்றும் இயங்கி வருகிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியதால் பெயர் பெற்றவை. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்னரோ, அதனை ஒட்டியோ ஓய்வு பெற்றுவிடுகிறார். படையில் அவர் கழித்த காலம் பதினைந்து இருபது ஆண்டுகளே. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவர் தறியிலும் கழனியிலும் நம்மோடுதான் வாழ்கிறார்.

ஆகஸ்டு 15ஆம் தேதியன்று அவரைக் கொடிக்கம்பத்தின் அருகில் நிறுத்தி மாலையிடுகிறோம். அவர் அணிந்துவரும் பதக்கங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். ஆனால், வீட்டிற்குள் அவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்று கேட்பது நமது வழக்கமன்று. அது குடும்ப விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். இவ்வாறு ஒதுங்குவது சரியன்று என்பதையும், முதியவர் படும் துன்பத்தை முதலிற் காணக்கூடிய இடம் பல வேளைகளிற் சங்கமே என்பதையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சங்கத்தில் நிகழ்ந்தது

நாம் அங்கத்தினராக உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்ததை முதலிற் கூறுவோம். ஊரும் பேரும் இங்கு வேண்டுவதில்லை. 1963இல் பீரங்கிப் படையிற் சேர்ந்து, 1965, 1971 ஆகிய இரு யுத்தங்களையும் கண்டு, 1980இல் ஊர் திரும்பிய ஹவில்தார் ஒருவர் அச்சங்கத்தின் பழைய அங்கத்தினர். இரண்டு தறிகள் போட்டு நெய்தார். இருமுறை சங்க நிர்வாகக் குழுவிலும் இருந்தார். பீரங்கி ஓசையால் அவரது செவிப்புலன் இளமையிலேயே குன்றியிருந்தது. நெசவை விட்ட பின்னரும் மாதந்தோறும் முதல் வாரத்திற் சங்கத்துக்கு வந்து, தமது வைப்புத் தொகையின் வட்டியைக் கையொப்பமிட்டுப் பெற்று, வாயிற்படியருகே அமர்ந்து பத்திரிகை படித்துவிட்டுப் போவார். படையிற் கற்ற ஆங்கில எழுத்துக்களில் அவர் இடும் கையொப்பம் அச்சு வார்த்தாற்போல் இருக்கும். அதில் அவருக்குச் சிறிது பெருமையும் உண்டு.

2024ஆம் ஆண்டின் நடுவில் அவர் வருவது நின்றது. மகன் வந்து, “அப்பாவுக்கு முழங்கால் வலி” என்று கூறி வட்டியைப் பெற்றுச் சென்றார். முதல் இரண்டு சீட்டுக்களிற் கையொப்பம் இருந்தது. மூன்றாவது சீட்டிலிருந்து இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கையொப்பம் இட்டவர் ஏன் ரேகை வைக்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. குமாஸ்தா சீட்டைக் கோப்பில் ஒட்டினார். காரியதரிசி கணக்கிற் கையொப்பமிட்டார். ஆண்டுத் தணிக்கையும் நடந்தேறியது. அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்றும் அவர் வரவில்லை. “கிழவருக்கு வயதாகிவிட்டது” என்று நாமும் கூறிக்கொண்டோம்.

நூல் பாக்கியைக் கேட்க அவர் வீட்டுக்குச் சென்ற அங்கத்தினர் ஒருவர், வீட்டின் பின்புறம் தகரக் கூரையிட்ட பழைய தறிக்கூடத்தில் நண்பகல் வெயிலில் அவர் கட்டிலிற் கிடப்பதைக் கண்டார். மகன் உடன் நிற்க நலம் விசாரித்தபோது, “ஒன்றும் குறையில்லை” என்ற ஒரே பதில் வந்தது. காதிற் கேட்கும் கருவி இருந்தது. ஆனால் அதற்குப் பாட்டரி இல்லை. அங்கத்தினர் இதனைக் காரியதரிசியிடம் கூற, காரியதரிசி அடுத்த ஊரில் உள்ள ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரை அழைத்தார். இருவரும் பழகிய தோழர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் போய்வரலாம் என்று சொல்லி, சுபேதார் அவரை ஒரு காலையில் அழைத்துச் சென்றார். வழியில் ஒரு கடையில் நிறுத்திப் பாட்டரி வாங்கிக் கருவியிற் போட்டார். அதன்பிறகே ஹவில்தார் வாய் திறந்தார்.

மனைவி காலமான ஆண்டிலிருந்து ஏ.டி.எம். அட்டை மகனிடம் இருந்தது. மிலிட்டரி கேன்டீன் கார்டு மகனுடைய நண்பரிடம் இருந்தது. அதில் கிடைக்கும் மது வெளியே போய்க்கொண்டிருந்தது. வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மெண்டு எழுதித் தரும்படி கேட்டார்கள், மறுத்தார். மறுத்த வாரமே கட்டில் தறிக்கூடத்துக்குச் சென்றது. இரவு உணவு சில நாட்கள் வந்தது. சில நாட்கள் வரவில்லை. எண்பது வயது நிறைந்தவருக்கு ஓய்வூதியத்தில் நூற்றுக்கு இருபது வீதம் கூடுதலாக வரும் என்பதும், அது தமக்கு வரத் தொடங்கிவிட்டது என்பதும் அவருக்கே தெரியாது. சங்கச் சீட்டில் ரேகை வைத்தது ஏன் என்று கேட்டபோது, “கையெழுத்துப் போட மறுத்தேன், விரலைப் பிடித்து வைத்தார்கள்” என்றார். அந்தச் சீட்டுக்களுக்கெல்லாம் பணம் கொடுத்தது நமது சங்கமே.

கொடுமை என்பது யாது?

முதியோர்க்குக் கொடுமை என்றவுடன் அடிப்பது ஒன்றே நினைவுக்கு வருகிறது. அது ஒரு வகை மட்டுமே. நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர், தாம் செய்யும் செயலாலோ, செய்யவேண்டியதைச் செய்யாமையாலோ முதியவருக்குத் தீங்கோ துன்பமோ விளைவிப்பது கொடுமையாகும். உடலை வருத்துவது ஒன்று. ஏசுவது, மிரட்டுவது, பேசாமல் ஒதுக்கிவைப்பது முதலியவை மனத்தை வருத்துவன. பணம், நிலம், அட்டை, பத்திரம் இவற்றைக் கைப்பற்றுவது பொருட்கொடுமை. உணவு, மருந்து, சுத்தம், துணை இவற்றைக் கொடாமல் விடுவது புறக்கணிப்பு. பாலியல் கொடுமையும் முதுமையில் இல்லாமற் போவதில்லை. உலகில் அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஒரே ஆண்டில் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு உள்ளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே, இது எங்கோ ஒரு வீட்டில் நிகழும் அபூர்வம் என எண்ணுவதற்கில்லை.

“மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிற மனிதரை யார் பட்டினி போடுவார்கள்?” என்று சிலர் கேட்பர். ஓய்வூதியம் முதியவருக்குக் கேடயமாவது உண்மை. அதே ஓய்வூதியம் தூண்டில் இரையாகவும் ஆகக்கூடும். கூலி குறைந்து கடன் ஏறிய வீட்டில், தவறாமல் வரும் வருமானம் அது ஒன்றே. அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்ற விருப்பம் அனைவருக்கும் இருக்கும்; அவர் நலமாக இருக்கவேண்டும் என்ற அக்கறை எவருக்கும் இல்லாமற் போகலாம்.

படைவீரர் ஏன் சொல்வதில்லை?

மற்ற முதியோரைவிடப் படைவீரரிடம் இதனைக் கண்டறிவது கடினம். அதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, வலியைப் பொறுத்துக்கொள்வதும் முறையிடாமல் இருப்பதும் அவருக்கு இளமையிலேயே பழக்கப்பட்டவை. பனிமலையிற் காவல் நின்றவர், மருமகள் சோறு போடவில்லை என்று கூறுவதை இழிவாகக் கருதுகிறார். தம் வீட்டைத் தம்மாற் காக்க இயலவில்லை என்பது வெளியே தெரிந்துவிடுமே என்று நாணுகிறார்.

இரண்டாவது, குடும்பத்தோடு அவருக்குள்ள உறவு பல வீடுகளில் இடையறவுபட்டது. பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் அவர் எல்லையில் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போனார். ஓய்வு பெற்று வந்தபோது பிள்ளைகளுக்கு அவர் பாதி அந்நியர். அதிலும் ஆணையிடும் அந்நியர். சில வீடுகளில் அவரே கோபத்திலும் குடியிலும் மனைவி மக்களைத் துன்புறுத்தியிருக்கலாம். யுத்தத்தின் நினைவுகள் இரவில் அலறலாகவும் பகலிற் சினமாகவும் வெளிப்படுவதுண்டு. அதனை நோய் என்று அறிந்து மருத்துவம் பார்த்தவர் சிலரே. அன்று அடிபட்ட பிள்ளை, இன்று கைவலிமை உள்ள மகன். இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. பழைய தவறு இன்றைய கொடுமையை நியாயமாக்காது. ஆனால் அதன் வேரை அறியாமல் அதனைத் தீர்க்கவும் முடியாது.

மூன்றாவது, செவிப்புலன் குறைவு, பழைய காயம், உறுப்பிழப்பு ஆகியவை அவரைப் பிறர் கையை எதிர்பார்க்கச் செய்கின்றன. காது கேளாதவரிடம் பேசுவதை ஊரார் குறைத்துக்கொள்கின்றனர். அவர் சார்பில் மகனே பேசத் தொடங்குகிறார். அன்று முதல் அவரது சொல் வெளியே வருவதில்லை.

நான்காவது, மற்ற முதியோரிடம் இல்லாத சில சாதனங்கள் அவரிடம் உள்ளன. ஓய்வூதியம், 2003 முதல் நடைபெற்றுவரும் ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை, கேன்டீன் கார்டு ஆகிய மூன்றும் பிறர் கைக்கு எளிதில் மாறக்கூடியவை. படை ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறையில் வழங்கப்படுகிறது. அதில் பதிந்துள்ள கைப்பேசி எண் யாருடையதோ, அவரிடமே கணக்கின் திறவுகோல் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது பேரனுடைய எண்ணாக இருக்கும்.

வீரர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவியின் நிலை இதனினும் மெலிந்தது. அலுவலகம் எது, படிவம் எது என்று அறியாத அம்மூதாட்டியின் பெயரில் வரும் பணத்தை அவர் கண்ணாற் காணாமலே செலவிடுவோர் உண்டு. இக்கட்டுரையிற் படைவீரரைப் பற்றிக் கூறுவதெல்லாம் அவருக்கும் பொருந்தும்.

அடையாளங்கள்

சங்கத்தின் முன்னால் அமர்ந்தே காணக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. வழக்கமாக வருபவர் வராமை, அவருக்குப் பதிலாக வேறொருவர் தொடர்ந்து வருதல், கையொப்பம் மாறுதல், பல ஆண்டுகள் தொடாத வைப்புத் தொகையைத் திடீரெனக் கேட்டல், வாரிசு நியமனத்தை அவசரமாக மாற்றுதல், தமக்குத் தேவையில்லாத கடனுக்கு விண்ணப்பித்தல் அல்லது ஜாமீன் நிற்றல், கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் உடன் வந்தவரின் முகத்தைப் பார்த்தல் ஆகியவற்றைக் குமாஸ்தாவும் காரியதரிசியும் கவனிக்க வேண்டும்.

வீட்டிலும் வீதியிலும் காணக்கூடியவை வேறு. உடல் மெலிவு, அழுக்கடைந்த உடை, வெட்டப்படாத நகம், படுக்கைப் புண், தீர்ந்துபோன மருந்து, உடைந்த கண்ணாடி, பாட்டரி இல்லாத காதுக் கருவி ஆகியவை புறக்கணிப்பைக் காட்டுவன. நல்ல ஓய்வூதியம் வந்தும் தேநீருக்குக் காசு இல்லாமை பொருட்கொடுமையைக் காட்டும். ஒருவரது காலடி ஓசை கேட்டதும் பேச்சை நிறுத்துதல் அச்சத்தைக் காட்டும்.

எனினும், ஓர் எச்சரிக்கையும் தேவை. முதியோர் தோல் மெல்லியது. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவருக்குச் சிறிது இடித்தாலும் கன்றிப்போகும். முன்கையிலும் முழங்காலின் கீழும் உள்ள கன்றல் தற்செயலாக நேர்ந்ததாக இருக்கலாம். முகம், கழுத்து, முதுகு, மேற்கை ஆகிய இடங்களிற் பெரிய கன்றல் கண்டால் மேலும் விசாரிக்க வேண்டும். மறதி நோய் கண்டவர், யாரும் எடாத பொருளைத் திருடிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுவதும் உண்டு. அதற்காக, “கிழவருக்கு மறதி, அவர் பேச்சை நம்பாதீர்கள்” என்று மகன் கூறுவதை அப்படியே ஏற்பதும் தவறு. மறதி உள்ளவரை ஏமாற்றுவது எளிது. ஓர் அடையாளத்தைக் கொண்டு தீர்ப்பளிக்காமல், பல அடையாளங்கள் கூடும்போது நேரிற் சென்று காண்பதே முறை.

கேட்கும் முறை

எவ்வாறு கேட்பது என்பது முக்கியமானது. நமது ஹவில்தாரிடம் முதலிற் கேட்டவர் மகன் எதிரில் கேட்டார். அதுவும் காது கேளாதவரிடம் கேட்டார். “குறையில்லை” என்பதைத் தவிர வேறு பதில் வந்திருக்க முடியாது.

முதியவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும். வெளிச்சம் நமது முகத்தில் விழும்படி எதிரில் அமர்ந்து, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் நிதானமாகப் பேச வேண்டும். உரக்கக் கத்தினால் சொல் விளங்காது. அண்டை வீட்டுக்குத்தான் விளங்கும். “உங்களை அடிக்கிறார்களா?” என்று தொடங்குதல் கூடாது. இன்று காலை என்ன உண்டீர்கள், மருந்தை யார் எடுத்துத் தருகிறார்கள், அட்டை யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது நீங்களே பணம் எடுத்தீர்கள், எங்கே படுக்கிறீர்கள், வீட்டில் எவரிடமாவது அச்சம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். முதல் நாளில் அவர் மறுத்தால் வற்புறுத்தாமல், மறுபடியும் வருவதாகக் கூறி, சொன்னபடி வர வேண்டும். படையில் உடனிருந்த தோழரோ, வேறொரு முன்னாள் வீரரோ கேட்பது மிகவும் பயன் தரும். அவரிடம் சொல்வதை இவர் புகாராகக் கருதமாட்டார். நிலவரம் தெரிவிப்பதாகவே கருதுவார்.

எவரிடமும் சொல்லமாட்டோம் என்று வாக்களிப்பது கூடாது. உயிருக்கு ஆபத்து எனில் சொல்லித்தான் ஆகவேண்டும். அவ்வாறே, கேட்டதைச் சங்கத் திண்ணையிற் பேசுவதும், மகனை வழியில் மறித்துச் சண்டையிடுவதும் கூடா. அன்றிரவு அதன் பலனை அனுபவிப்பவர் முதியவரே.

செய்யவேண்டியவை

அடி, காயம், உணவின்றிக் கிடத்தல் போன்ற உடனடி ஆபத்து இருந்தால் தாமதம் கூடாது. காவல் உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108 ஆகிய எண்களை அழைக்க வேண்டும். ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும் முதியோர் உதவி எண் 14567 உண்டு. இது நாடு முழுவதும் கட்டணமின்றி இயங்குவது. முதியவர் மட்டுமன்றி அவர்பொருட்டு வேறொருவரும் அழைக்கலாம்.

ஆபத்து உடனடியாக இல்லையெனில், முதற்படி மருத்துவம். ஈ.சி.எச்.எஸ். மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, எடையும் காயமும் குறிப்பில் ஏறும்படி செய்தல் வேண்டும். பின்னர் அதுவே சாட்சியாகும்.

இரண்டாம் படி பணம். முதியவர் தாமே வங்கிக்குச் சென்று பழைய அட்டையை முடக்கி, புதிய அட்டையும் இரகசிய எண்ணும் பெறலாம். வங்கியிலும் ஸ்பர்ஷிலும் தமது கைப்பேசி எண்ணையே பதியச் செய்யலாம். ஆண்டுதோறும் அளிக்கவேண்டிய ‘லைஃப் சர்டிபிகேட்’ எனப்படும் வாழ்நாள் சான்றைத் தாமே சென்று அளிப்பது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தமது ஓய்வூதியம் எவ்வளவு என்று அவர் கேட்டறியும் நாளாக அது அமையும்.

மூன்றாம் படி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியம், அட்டை, உதவித்தொகை ஆகியவற்றில் எது தவறான கைக்குச் சென்றிருப்பினும் அங்கு முறையிடலாம். ஓய்வூதியம் இல்லாத வறிய முதிய வீரர்களுக்கும் விதவைகளுக்கும் உள்ள உதவிகளையும் அங்கே விசாரித்தறியலாம்.

நான்காம் படி சட்டம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அறுபது வயது நிறைந்தவர் எவரும், தம் வருவாயாலும் சொத்தாலும் வாழ இயலாதபோது, பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பிள்ளையில்லாதவர் தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது அடையப்போகும் உறவினர்மீது மனுச் செய்யலாம். தாமே மனுச் செய்ய இயலாதவர் வேறொருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ அதிகாரம் கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரணை தொடங்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. எதிர்தரப்பினருக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும்; விசேஷ காரணம் இருந்தால் ஒருமுறை மட்டும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். காக்கவேண்டியவரே முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சொத்தை எழுதிக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பெற்றவர் பராமரிக்காவிடில், செல்லாததென அறிவிக்கும்படி கோர இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. அத்தகைய நிபந்தனை இருந்தது என்பது நிலைநாட்டப்பட வேண்டும் என உச்சநீதிமன்றம் 2022இல் கூறியது. முதியோர் நலன் கருதி இச்சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என 2025 ஜனவரியில் கூறியது. இவ்விரண்டையும் வாதித்துக்கொண்டு முதுமையிற் கோர்ட்டு ஏறுவதைவிட, பத்திரம் எழுதும் நாளிலேயே “ஆயுள்வரை உணவு, உறைவிடம், மருத்துவம் அளித்துப் பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையைத் தெளிவாக எழுதிவிடுவது அறிவுடைமை. எழுதிக் கொடாமலே இருப்பது அதனினும் அறிவுடைமையாகலாம்.

இவை யாவற்றிலும் முதியவரின் விருப்பமே முதன்மையானது. அறிவுத் தெளிவோடு உள்ளவர் ஒன்றை வேண்டாம் என்றால் அதனை மதிக்க வேண்டும். நமது ஹவில்தார், “என் மகனைக் கச்சேரிக்கு இழுக்கமாட்டேன்” என்று உறுதியாகக் கூறிவிட்டார். அட்டை தம் கைக்கு வரவேண்டும். வீட்டின் முன்னறையிற் படுக்க வேண்டும். மகளோடு பேச வேண்டும். அவர் கேட்டவை இம்மூன்றே. சுபேதாரும் காரியதரிசியும் மகனோடு அமர்ந்து பேசினர். தனியாரிடம் பட்ட கடனுக்கு வட்டி கட்டியே அவர் நொடித்திருந்தார் என்பதும், எழுந்து நடக்க இயலாத முதியவரை ஓராண்டாக மருமகள் ஒருவரே தூக்கி நிறுத்திக் குளிப்பாட்டி வந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தன. கடனைக் கணக்கிட்டு நெசவுக் கூலியிலிருந்து தவணையாக அடைக்க ஏற்பாடாயிற்று. வெளியூர் மகள் மாதம் ஒரு வாரம் வந்து தந்தையைக் கவனிக்க ஒப்புக்கொண்டார். எல்லாம் சீராகிவிட்டது என்று நாம் கூற வரவில்லை. மகனுக்கும் தந்தைக்கும் இன்னும் சரியான பேச்சு இல்லை. ஆனால் கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது. சுபேதார் ஞாயிறுதோறும் சென்று பார்த்து வருகிறார். வீட்டாருக்கும் அது தெரியும். பார்ப்பார் ஒருவர் உண்டு என்பதே பாதிக் காவலாகும்.

சங்கங்கள் ஏற்கத்தக்க விதிகள்

அந்நிகழ்ச்சிக்குப் பின் அச்சங்கத்தின் நிர்வாகக் குழு சில முடிவுகளைச் செய்தது. ஏனைய சங்கங்களும் இவற்றை ஆலோசிக்கலாம்.

எழுபது வயதைக் கடந்த அங்கத்தினர்களுக்கும், படைவீரர் விதவைகளுக்கும் தனிப் பட்டியல் ஒன்று வைக்கப்பட்டது. பட்டியலில் உள்ளவரை இரண்டு மாதம் காணாவிடில் நிர்வாகிகள் இருவர் வீட்டுக்குச் சென்று அவரையே நேரிற் காண்பர். வட்டி, பங்கு ஆதாயம், வைப்புத் தொகை ஆகியவை அவர் கையிலோ, அவரே இயக்கும் வங்கிக் கணக்கிலோ மட்டும் சேரும். வர இயலாதவருக்கு வீட்டிற் கொண்டுபோய்க் கொடுக்கப்படும். கையொப்பம் இடுபவர் ரேகை வைத்தால் காரணம் கேட்டு எழுதப்படும். முதியவர் கடன் கேட்டாலும், ஜாமீன் நின்றாலும், வாரிசு நியமனத்தை மாற்றினாலும், உடன் வந்தவரை வெளியே இருத்தி அவருக்குத் தனியே படித்துக் காட்டப்படும். இவற்றுக்குப் பணச் செலவு ஏதுமில்லை; காரியதரிசிக்கு மாதத்தில் இரண்டொரு மாலைப்பொழுது செலவாகும்.

முதியோர் கொடுமை பற்றிய விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 15ஆம் தேதியை ஏற்றுள்ளது. அன்று கூட்டம் கூட்டிப் பேசுவதோடு நில்லாமல், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் உள்ள ஒரு முதிய வீரரின் வீட்டுக்குச் சென்று, கால் மணி நேரம் அமர்ந்து பேசிவிட்டு வந்தால், அதுவே சிறந்த கொண்டாட்டம்.

கூட்டுறவு என்பது நூலும் உரமும் பங்கிடுவதோடு முடிவதன்று. ஒருவரது சுமையைப் பலர் தாங்குவதற்காகவே நாம் சங்கமாகக் கூடினோம். இரவெல்லாம் விழித்து நம் எல்லையைக் காத்தவர் இன்று தம் வீட்டில் அச்சத்தோடு உறங்குவாராயின், அவ்வச்சத்தை நீக்கும் கடமை அண்டையில் வாழும் நமக்கே உரியது. அவர் தாமே வந்து கேட்கமாட்டார். ஆதலால், நாம் சென்று கேட்போமாக.